கார் உழைத்ததா, நாம் உழைத்தோமா?

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவை விட்டுக் காரை வெளியே எடுக்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் நின்று, "அந்தக் காலத்து வண்டி சார், என்னமா உழைக்குது!" என்று சொல்லாமல் போவதில்லை. 1981 பொங்கலுக்கு அப்பா எடுத்த பிரீமியர் பத்மினி அது. அவர் மறைந்து பதினாறு ஆண்டுகள் ஆகின்றன. வண்டி இன்னும் வாசலில் நிற்கிறது. ஒரு பொருள் நெடுநாள் கெடாமல் வந்தால் அது 'உழைக்கிறது' என்று சொல்வது நம் வழக்கம். செருப்பையும் சொல்வோம், குக்கரையும் சொல்வோம். ஆனால் இந்தக் காரின் விஷயத்தில் உழைத்தவர் யார் என்பதில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. அதற்குக் காரணம் அப்பா எழுதி வைத்துவிட்டுப் போன கணக்கு.

மண்ணடியில் ஹார்டுவேர் கடை வைத்திருந்த அப்பா, ஒரு கிலோ ஆணி விற்றாலும் கணக்கில் ஏற்றாமல் கல்லாவை மூடாதவர். காருக்கென்றே தனியாக ஒரு நீள நோட்டு போட்டிருந்தார். இந்த ஆண்டு ஆயுத பூஜைக்குப் பரணைச் சுத்தம் செய்தபோது அது கையில் கிடைத்தது. அன்று இரவு இரண்டு மணி வரை அதைப் படித்துக்கொண்டிருந்தேன்.

1987-இல், 61,000 கிலோமீட்டரில், முதல் தடவையாக எஞ்சினை இறக்கி, தேய்ந்த சிலிண்டரை அகலமாகக் கடைந்து (போரிங் என்பார்கள்) அடுத்த அளவு பிஸ்டன் போட்டிருக்கிறார்கள். 1995-இல் மறுபடியும். 2004-இல், இனிக் கடைவதற்குச் சிலிண்டர் சுவரில் இரும்பு மிச்சமில்லை என்றாகி, உள்ளே புதிய குழாயாக லைனர் அடித்திருக்கிறார்கள். பெட்ரோலில் ஈயம் கலப்பது 2000-இல் நாடெங்கும் நிறுத்தப்பட்ட பிறகு, அதுவரை ஈயத்தின் தயவில் தேயாமல் இருந்த, வால்வு வந்து அமரும் வளையங்களான வால்வு சீட்டுகள் தேய்ந்து, ஹெட்டைக் கழற்றிக் கடினமான சீட்டுகளைப் பதிக்க வேண்டியதாயிற்று. கிளட்ச் பிளேட் ஐந்து, கிங் பின் இரண்டு முறை, கார்பரேட்டர் ஒன்று. பிளாட்டினம் பாயிண்டைத் தேய்த்ததும் மாற்றியதும் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன. ரேடியேட்டர் பற்றவைத்த கணக்கைக் கூட்ட எனக்கே பொறுமை இல்லை.

இவையெல்லாம் எஞ்சின் கதை. உண்மையான செலவு தகட்டில் இருந்தது. எங்கள் வீட்டிலிருந்து காசிமேட்டுக் கடலுக்கு நேர்க்கோட்டில் ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. உப்புக் காற்றுக்கு ஜன்னல் கம்பியே தாங்காத இடத்தில், வெறும் பெயிண்டை நம்பி நின்ற தகடு எப்படித் தாங்கும்? (துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது 2011-இல் நிறுத்தப்படும் வரை, காலையில் பானட்டின் மீது விரலால் பெயர் எழுதலாம், அந்தக் கரியையும் சேர்த்துத்தான் அப்பா துடைத்துக்கொண்டிருந்தார்.) தரைத் தகடு இருமுறை மாற்றப்பட்டிருக்கிறது. நான்கு கதவுகளின் கீழ்ப்பாதியும் பட்டறையில் அடித்தவை. 1981-இல் வந்த வண்டியில் இன்று அப்படியே இருப்பவை மேற்கூரை, டாஷ்போர்டு, ஸ்டீயரிங், இன்னும் சில்லறைச் சாமான்கள் என்று பட்டியல் போட்டுப் பார்த்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. ஒரே காரை நாற்பத்தைந்து வருடம் வைத்திருக்கிறோம் என்று நாங்கள் சொல்வது பாதிப் பொய்.

எங்கள் மெக்கானிக் பாய் இதை அன்றைக்கே சொன்னார். "வண்டி நல்லா ஓடுது பாய்" என்று நான் புகழ்ந்தபோது, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "இது தானா ஓடுற வண்டி இல்ல தம்பி, நாமதான் ஓட வெச்சிக்கினு இருக்கோம்" என்றார்.

அப்படியானால் ஏன் வைத்திருந்தார்கள்? அப்பா 1976-இல் பணம் கட்டிப் பதிவு செய்து, ஐந்தாவது வருடம்தான் வண்டியைக் கண்ணால் பார்த்தார். எழுபதுகளின் இறுதியில் ஒரு குடும்பம் புதிதாக வாங்கக்கூடிய கார் என்றால் அம்பாசிடர் அல்லது பத்மினி, அவ்வளவுதான். ஐந்து வருடம் காத்திருந்து வாங்கியதை, எஞ்சின் புகைகிறது என்பதற்காக யாரும் விற்றுவிட மாட்டார்கள். விற்றால் அடுத்ததற்கு மறுபடியும் வரிசை. ஆகவே பழுது பார்ப்பது அன்று ஒழுக்கமோ சிக்கனமோ அல்ல, வேறு வழியில்லாமை.

இதில் எதிர்பாராமல் விளைந்த ஒரு நன்மையைப் பலர் கவனிப்பதில்லை. பத்மினியின் மூல வடிவம் இத்தாலியின் ஃபியட் 1100டி. அதை பம்பாய் குர்லாவில் 1964 முதல் ஏறத்தாழ 2000 வரை பெரிய மாற்றம் எதுவும் இல்லாமல் செய்துகொண்டே இருந்தார்கள். உத்தர்பாராவில் உருவான அம்பாசிடரோ 1950-களின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வடிவத்தைச் சுமந்துகொண்டு 2014 வரை வந்தது. போட்டி இல்லாத சோம்பேறித்தனம் என்று இதைத் திட்டலாம், திட்டவும் வேண்டும். ஆனால் அந்தச் சோம்பேறித்தனத்தால்தான் 1998 வண்டியின் உதிரிபாகம் 1981 வண்டியில் உட்கார்ந்தது. புதுப்பேட்டையில் உடைத்துப் போட்ட எந்தப் பத்மினியும் எங்கள் பத்மினிக்குக் கிடங்காக இருந்தது. அங்கேயும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் கிடைக்காததைக் கடைந்துகொள்ளலாம். பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ், ஐ.சி.எஃப்., எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் 1955 முதல் என்ஃபீல்டு என்று இரும்போடு பழகிய கைகள் நிறைந்த ஊர் எங்களுடையது. லோகோவில் ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், தேய்ந்த புஷ்ஷைக் கையில் வாங்கி, வெர்னியரால் அளந்து, மறுநாள் மாலை வெண்கலத்தில் புதிதாகக் கடைந்து கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இனி மறுபக்கம். 2014-இல் ஒரு சிறிய ஹேட்ச்பேக் எடுத்தேன். ஒன்பது ஆண்டுகளில் அது 1,60,000 கிலோமீட்டர் ஓடியது. எஞ்சினை ஒருமுறைகூடத் திறக்கவில்லை. பத்மினி அந்தத் தூரத்துக்குள் இரண்டு போரிங் பார்த்துவிட்டது. இதில் மாயம் எதுவும் இல்லை. கார்பரேட்டர் அளவு தெரியாமல் ஊற்றிய அதிகப் பெட்ரோல், சிலிண்டர் சுவரின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக் கழுவிப் பிஸ்டன் ரிங்கைத் தேய்த்தது. இன்று கம்ப்யூட்டர் கணக்குப் பார்த்துச் சொட்டுச் சொட்டாகப் பீய்ச்சுகிறது. உலோகத்தைக் கடையும் துல்லியமும் எண்ணெயின் தரமும் ஏறிவிட்டன. கார் உடல் முழுவதையும் தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி, தகட்டின் மூலை முடுக்கெல்லாம் முதற்பூச்சு ஏற்றுகிறார்கள். அதனால் காசிமேட்டுக் காற்றிலும் என் ஹேட்ச்பேக்கின் கதவடியில் துரு இல்லை. 'அந்தக் காலத்து இரும்பு கெட்டி' என்று மீசையை முறுக்குகிறவர்கள், அந்த இரும்பை எத்தனை முறை வெட்டி ஒட்டினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சீட் பெல்ட்டோ ஏர்பேக்கோ இல்லாத, நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் உள்ள அந்த வண்டியில் என் மகளை எண்ணூர் விரைவுச்சாலைக் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அனுப்ப நான் தயாராக இல்லை.

ஆகவே புதிய கார்தான் அதிகம் உழைக்கிறது என்று சொல்லி முடித்திருப்பேன், 2023 டிசம்பர் வராமல் இருந்திருந்தால்.

மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் இரண்டு கார்களும் சீட் மட்டம் வரை தண்ணீரில் நின்றன. நீர் வடிந்த பிறகு பாய் வந்து பத்மினியின் எண்ணெய்களை எல்லாம் வடித்தார். பிளக்குகளைக் கழற்றி, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் துடைத்து, சீட்டுகளை மொட்டை மாடியில் வெயிலில் போட்டார். எட்டாம் நாள் வண்டி கிளம்பியது. ஹேட்ச்பேக்கை இழுவை வண்டியில் ஏற்றி அனுப்பினோம். எஞ்சினுக்குள் தண்ணீர் போகவில்லை, கியர்பாக்ஸ் நலம், துரு எங்கும் இல்லை. கார்ப்பெட்டுக்கு அடியில் ஓடிய ஒயரிங்கும், அதோடு சேர்ந்த இரண்டு மூன்று சிறிய கம்ப்யூட்டர் பெட்டிகளும் போய்விட்டன. அந்தப் பெட்டிகளைத் திறந்து பார்க்க மாட்டார்கள், முழுதாகத்தான் மாற்றுவார்கள். செலவு மதிப்பீடு இன்சூரன்ஸ் மதிப்பை நெருங்கிவிட்டதால் 'டோட்டல் லாஸ்' என்று எழுதிவிட்டார்கள். இன்னும் ஒரு லட்சம் கிலோமீட்டராவது ஓடியிருக்கக்கூடிய எஞ்சின், உள்ளங்கை அளவுப் பெட்டிக்காகக் காயலான் கடைக்குப் போனது. எனக்கு இன்றுவரை ஆறாத விஷயம் இது.

பழைய வண்டி அடிக்கடி கெட்டது, ஆனால் ஒவ்வொரு பழுதிலிருந்தும் மீட்டெடுக்க முடிந்தது. புதியது எளிதில் கெடுவதில்லை, கெட்டால் மீள்வதும் இல்லை. அமெரிக்காவில் இர்வ் கார்டன் என்ற பள்ளி ஆசிரியர், 1966-இல் வாங்கிய வோல்வோ பி1800 காரை 2013-க்குள் 30 லட்சம் மைல் ஓட்டிக் காட்டினார். அவருடைய ஒழுங்கான பராமரிப்பை எல்லோரும் பாராட்டுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அத்தனை ஆண்டுகளும் அந்தக் காருக்குப் பாகம் கிடைத்தது என்பதுதான்.

நம்மூரில் காரின் ஆயுளை முடிப்பது இப்போது தேய்மானம் அல்ல. பம்பாயின் பத்மினி டாக்சிகள் 2023 அக்டோபரில் சாலையை விட்டுப் போனது ஓட முடியாமல் அல்ல. டாக்சிக்கு இருபது வருட வரம்பு என்ற விதியால். பதினைந்து வருடம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. இருபது வருடம் தாண்டியவற்றுக்கு 2025-இல் 10,000 ஆனது. புகையைக் கருதினால் இதில் நியாயம் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வேறு வந்துவிட்டது. பழைய ரப்பர் குழாய்களுக்கு அது ஆகாது என்பதால் பத்மினியின் பெட்ரோல் குழாய்களை எல்லாம் மாற்றினேன்.

நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் 'பழுதுபார்க்கும் உரிமை'க்காகக் குழு அமைத்து, அந்த டிசம்பரிலேயே ஓர் இணையதளமும் திறந்தது. அதில் வாகனத் துறையும் உண்டு. இணையதளம் நல்லதுதான். நான் கேட்பது இன்னும் எளிமையானது: இந்த மாடலுக்கு எத்தனை வருடம் உதிரிபாகம் தருவோம் என்று விற்பனை ரசீதிலேயே ஒரு வரி அச்சிட வேண்டும்.

சென்ற ஆண்டு புதிய கார் வாங்கப் போனபோது இதையே கேட்டேன். விற்பனைப் பிரிவுப் பையன் பணிவாக, "அஞ்சு வருஷம் வாரண்டி இருக்கு சார்" என்றான். அதற்குப் பிறகு அந்தக் கம்ப்யூட்டர் பெட்டி கிடைக்குமா என்றேன். "அதுக்குள்ள நீங்க வேற வண்டி எடுத்துடுவீங்க சார்" என்று சிரித்தான். மகள் தினமும் சோழிங்கநல்லூர் வரை போக வேண்டியிருக்கிறது; அந்த வண்டியையே எடுத்தேன்.

பத்மினிக்கு வரும் ஜனவரியில் பதிவு புதுப்பிக்க வேண்டும். பின்பக்க இடது கதவின் அடித்தகடு மறுபடியும் உதிர்கிறது, தகுதிச் சான்றுக்கு (எஃப்.சி.) முன் டிங்கரிங் முடித்தாக வேண்டும். பாய் போன வருடம் பட்டறையை மூடிவிட்டு மகனோடு ஆம்பூருக்குப் போய்விட்டார். தகட்டை வெட்டி ஒட்டத் தெரிந்த டிங்கர் யாராவது வடசென்னையில் இன்னும் இருந்தால் சொல்லுங்கள்.