மருந்து விலையில் அரசு ஏற்கெனவே தலையிட்டுத்தான் இருக்கிறது

"மருந்து விலையில் அரசு தலையிடக் கூடாது, சந்தை பார்த்துக்கொள்ளும்" என்று யாராவது எழுதும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. எந்தச் சந்தையைச் சொல்கிறார்கள்?

வாங்குபவர் விலை கேட்பார், கட்டுப்படியாகாவிட்டால் வேறிடம் போவார், அதுவும் சரிப்படாவிட்டால் வேண்டாம் என்று விட்டுவிடுவார். சந்தை என்றால் அதுதான். மருந்தில் இதெல்லாம் நடக்குமா? எழுதிக் கொடுப்பவர் மருத்துவர், சாப்பிடுபவர் நோயாளி, பணம் கட்டுவது பல நேரம் காப்பீட்டு நிறுவனமோ அரசோ. புற்றுநோய்க்காரர் "விலை இறங்கட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று காத்திருக்க முடியாது. மருத்துவம் மற்ற சரக்குகளைப் போல இல்லை என்று பொருளியலாளர் கென்னத் ஆரோ 1963லேயே விரிவாக எழுதிவிட்டார்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. காப்புரிமை யார் கொடுப்பது? அரசு. 20 ஆண்டுகளுக்கு வேறு யாரும் இதைச் செய்து விற்கக் கூடாது என்று போட்டியைத் தடுத்து வைப்பதே அரசின் சட்டம்தான். அந்தத் தலையீட்டைக் கைநீட்டி வாங்கிக்கொண்டவர்கள், விலைக்கு வரம்பு என்றதும் சுதந்திரச் சந்தை பேசுவது எந்த ஊர் நியாயம்?

ஆராய்ச்சிக்குச் செலவாகிறது, உண்மை. தோற்றுப்போகும் மருந்துகளே அதிகம் என்பதும் உண்மை. புதுமைக்குப் பரிசு வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் விலை அந்தச் செலவை வைத்துத்தான் போடப்படுகிறதா? கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி நோயைக் குணப்படுத்தும் சோஃபோஸ்புவிர் 2013 இறுதியில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. ஒரு மாத்திரை 1,000 டாலர், 12 வாரத்துக்கு 84,000 டாலர். அடுத்த ஆண்டே எகிப்து அரசு பேரம் பேசி அதே சிகிச்சையை 900 டாலருக்கு வாங்கியது. மருந்து ஒன்று, நிறுவனமும் ஒன்று. யாரிடம் எவ்வளவு கறக்க முடியும் என்பதுதான் விலை.

இன்சுலினைக் கண்டுபிடித்தவர்கள் 1923இல் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலருக்கு டொரன்டோ பல்கலைக்கழகத்திடம் கொடுத்துவிட்டார்கள். 1996இல் ஒரு குப்பி சுமார் 21 டாலருக்கு அமெரிக்காவில் அறிமுகமான ஹியூமலாக் என்ற இன்சுலின், பிறகு 275 டாலரைத் தொட்டது. அதே மருந்துதான்! 2022இல் சட்டம் வந்து, மெடிகேர் என்ற அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இருக்கும் முதியவர்கள் இன்சுலினுக்கு மாதத்துக்கு 35 டாலருக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்றானது. அதற்கு முன்பு, மருந்து நிறுவனங்களுடன் மெடிகேர் விலை பேசவே கூடாது என்று 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்து வைத்திருந்தது. அவ்வளவு பெரிய கொள்முதல்காரரின் வாயைக் கட்டியதும் ஒழுங்குமுறைதான், விற்பவருக்குச் சாதகமான ஒழுங்குமுறை.

20 ஆண்டுகள் முடிந்தால் மலிவான மருந்து வந்துவிடும் என்பதும் அரை உண்மைதான். மூட்டுவாதத்துக்கான ஹியூமிரா என்ற மருந்தின் மூலக் காப்புரிமை அமெரிக்காவில் 2016 இறுதியில் முடிந்தது. ஆனால் தயாரிப்பு முறை, மருந்தளவு, கலவை என்று நூற்றுக்கும் மேற்பட்ட காப்புரிமைகளை வாங்கி வேலி போட்டிருந்தார்கள். ஐரோப்பாவில் 2018 அக்டோபரிலேயே போட்டி மருந்துகள் வந்தன, விலை சரிந்தது. அமெரிக்க நோயாளிகள் 2023 ஜனவரி வரை காத்திருந்தார்கள். சிறு மாற்றத்தைக் காட்டி ஆயுளை நீட்டும் இந்தத் தந்திரத்தைத் தடுக்கச் சட்டம் எழுத முடியும். இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு அப்படிப்பட்டது. ரத்தப் புற்றுநோய் மருந்தான கிளிவெக்குக்குக் காப்புரிமை கேட்ட நோவார்ட்டிஸை, அந்தப் பிரிவின்படிதான் உச்ச நீதிமன்றம் 2013இல் திருப்பி அனுப்பியது.

விலைக் கட்டுப்பாட்டையும் கண்ணை மூடிக்கொண்டு ஆதரிக்க மாட்டேன். காப்புரிமை முடிந்து பல நிறுவனங்கள் செய்யும் பழைய ஜெனரிக் மருந்துகளின் விலையை அடக்கச் செலவுக்கும் கீழே அழுத்தினால் ஒவ்வொருவராகத் தயாரிப்பை நிறுத்துவார்கள், தட்டுப்பாடுதான் வரும். அங்கே போட்டி போதும். ஒருவர் மட்டுமே விற்கும் மருந்துக்குத்தான் வரம்பு வேண்டும். அந்த வரம்பை, மருந்து நோயாளிக்கு எவ்வளவு பலன் தருகிறது என்பதை வைத்துப் பேசி முடிவு செய்யலாம்.

பேச வேண்டுமானால் கணக்கு தெரிய வேண்டும். மருந்துகளின் உண்மையான கொள்முதல் விலையை நாடுகள் வெளியிட வேண்டும் என்று 2019 மே மாதம் உலகச் சுகாதார நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் கூடும் உலகச் சுகாதாரப் பேரவை தீர்மானம் போட்டது. ஆராய்ச்சிச் செலவை வெளியிடச் சொல்லும் பகுதியை தீர்மானத்துக்கான பேச்சுவார்த்தையிலேயே நீர்த்துப்போகச் செய்துவிட்டார்கள். நான் கேட்பது அதைத்தான்: காப்புரிமை வேண்டும் என்று விண்ணப்பிக்கும் நிறுவனம், மருந்துக்கு எவ்வளவு செலவழித்தது, அதில் பொதுப்பணம் எவ்வளவு என்பதைச் சட்டப்படி காட்டியே ஆக வேண்டும். காட்டாவிட்டால் காப்புரிமை கிடையாது.