"போன தடவை நல்லாத்தானே இருந்துச்சு?"

இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மலையேறப் போகிற ஒவ்வொரு கூட்டத்திலும் இதைச் சொல்ல ஒருவன் இருக்கிறான். வீட்டில் இருக்கும்போதே சொன்னால்கூடப் பரவாயில்லை, ஏதாவது செய்யலாம். பனியில் நின்றுகொண்டு, பிய்ந்துபோன பொருளைக் கையில் வைத்துக்கொண்டுதான் சொல்கிறான்.

போன டிசம்பரில் சென்னையிலிருந்து ஐந்து பேர் உத்தராகண்டில் இருக்கிற கேதார்கந்தா மலைக்குப் போனோம். டேராடூனிலிருந்து ஒரு பகல் முழுக்க வளைந்து வளைந்து வண்டியில் போனால் சாங்க்ரி என்கிற மலைக் கிராமம். அங்கிருந்து நடை. உச்சி 12,500 அடி. உள்ளூர் வழிகாட்டி ஒருவர் கூட வந்தார். டென்ட், ஸ்லீப்பிங் பேக், அடுப்பு எல்லாம் நாங்களே சுமப்பதாகத் திட்டம். கிளம்ப ஒரு மாதம் இருக்கும்போதே படித்துப் படித்துச் சொன்னேன்: அவரவர் பொருளை எடுத்து விரித்துப் பாருங்கள், ஷூவைப் போட்டு நடந்து பாருங்கள், சரியில்லை என்றால் மாற்ற இப்போது நேரம் இருக்கிறது. நாலு பேரும் "பார்த்தாச்சுடா" என்றார்கள். பரணில் பை இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது.

முதல் நாள், ஜூடா கா தாலாப் என்கிற ஏரிக்குப் போகிற காட்டுப் பாதையில் ஒரு மணி நேரம்கூட ஏறியிருக்கமாட்டோம். ஒருவனுடைய ஷூ வாயைப் பிளந்தது. வலது கால் சோல் அப்படியே கழன்று தொங்குகிறது. நடுவில் இருக்கிற மெத்தென்ற அடுக்கு, தொட்டால் மாவாக உதிர்கிறது. "நாலு தடவைதான் மச்சான் போட்டேன், மூணு வருஷமா பெட்டியிலேயே பத்திரமா வெச்சிருந்தேன்" என்கிறான். அடேய், அதுதானடா கேடே! நிறைய ட்ரெக்கிங் ஷூக்களில் அந்த நடு அடுக்கு பாலியூரித்தேன் என்கிற ஒருவகை பிளாஸ்டிக் நுரை. காற்றில் இருக்கிற ஈரமே அதைச் சிறுகச் சிறுக அரித்துவிடும். சென்னைப் புழுக்கத்தில் பெட்டிக்குள் மூடி வருடக்கணக்கில் போட்டுவைத்தால், மேலே புத்தம் புதிதாகப் பளபளக்கும்போதே உள்ளே செத்துப்போயிருக்கும். கையால் நன்றாக வளைத்து, ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தியிருந்தால் விரிசல் தெரிந்திருக்கும். இரண்டு நாள் பையைச் சுமந்துகொண்டு தெருவில் நடந்திருந்தால் வீட்டு வாசலிலேயே கழன்றிருக்கும். வழிகாட்டி கயிற்றால் சுற்றிக் கட்டிவிட்டார். எல்லோரும் திரும்பச் சாங்க்ரிக்கு இறங்கினோம். வாடகை ஷூ கிடைத்தது. ஆனால் பனிப்பொழிவு வந்தால் சமாளிக்க என்று நான் சேர்த்து வைத்திருந்த ஒரு நாள் அங்கேயே போயிற்று.

டென்ட் கதை அடுத்தது. ஜூலையில் மழையில் நனைந்த டென்டை உலர்த்தாமல் சுருட்டி வைத்திருக்கிறான் இன்னொருவன். விரித்தால் துணி பிசுபிசுவென்று ஒட்டுகிறது, புளித்த வாடை, மேலே கரும்புள்ளியாகப் பூஞ்சை. அதற்குள் மூன்று பேர் படுத்தோம். அடுப்புக்குக் கேஸ் வாங்குகிற பொறுப்பு மற்றொருவனுக்கு. விமானத்தில் கொண்டுபோக முடியாது என்பதால் டேராடூனில்தான் வாங்க வேண்டும். விலை குறைவு என்று வெறும் பியூட்டேன் கேன் வாங்கி வந்துவிட்டான். கடுங்குளிரில் பியூட்டேன் சரியாக ஆவியாகாது. ஐசோபியூட்டேனும் புரொப்பேனும் கலந்த கேன் வேண்டும் என்று எழுதியே கொடுத்திருந்தேன். கேனைப் போர்வைக்குள் அணைத்துச் சூடேற்றி, ஒரு குவளை வெந்நீருக்கு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஹெட்லேம்பை, அதாவது தலையில் மாட்டிக்கொள்கிற விளக்கை மட்டும் என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

உச்சிக்கு விடிகாலை 3 மணிக்குக் கிளம்ப வேண்டும். கும்மிருட்டு, காலுக்குக் கீழே இறுகிய பனி. அப்போதுதான் நாலாமவன் ஹெட்லேம்பை எடுத்து அழுத்துகிறான். எரியவில்லை. திறந்தால் பேட்டரி கசிந்து, கம்பி முழுக்க வெள்ளையாகப் பூத்திருக்கிறது. போன பயணம் முடிந்தபோது பேட்டரியைக் கழற்றாமல் அப்படியே போட்டுவிட்டான். அல்கலைன் பேட்டரி இப்படித்தான் கசியும். வீட்டில் பார்த்திருந்தால் வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்துப் புது பேட்டரி போட இரண்டு நிமிடம் ஆகும். அங்கே என்ன செய்வது? என் வெளிச்சத்திலேயே அவனும் எனக்குப் பின்னால் ஏறினான். நான் முன்னால் பார்த்தால் அவன் காலடி இருட்டு, அவனுக்காகத் திரும்பினால் என் காலடி இருட்டு. ஒரு சரிவில் வழுக்கி என் மேல் விழுந்தான். இரண்டு பேரும் சேர்ந்து சறுக்கினோம். ஒரு பாறை குறுக்கே இருந்ததால் நின்றோம். அதற்கு அப்புறம் சரிவு எங்கே போகிறது என்று திரும்பி வரும்போது வெளிச்சத்தில் பார்த்தேன். கை நடுங்கியது.

உன் பொருள் உன் பாடு என்று மலையில் சொல்லவே முடியாது. உன் ஷூ பிய்ந்தால் ஐந்து பேரும் இறங்குகிறோம், உன் விளக்கு எரியாவிட்டால் நானும் சேர்ந்து விழுகிறேன். வீட்டுக்குப் போன் பண்ணி அம்மாவிடம் "பத்திரமா இருக்கேன்மா" என்று சொன்னது நானும்தானே?

இந்த வருடம் அதே உத்தராகண்டில் தயாரா புக்யால் என்கிற மலைப் புல்வெளிக்குப் போகிறோம். கிளம்ப ஆறு வாரம் இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லாவற்றையும் என் வீட்டு மொட்டை மாடிக்குக் கொண்டுவரச் சொன்னேன். டென்டை அடித்துத் தண்ணீர் ஊற்றினோம். காற்றடிக்கிற மெத்தையை வாளித் தண்ணீரில் அமுக்கி ஓட்டை தேடினோம். ஒவ்வொரு ஜிப்பையும் பத்து தடவை இழுத்தோம். மூன்று பேர் வந்திருந்தார்கள். ஹெட்லேம்ப்காரன் வரவில்லை. போன் பண்ணினால், "எதுக்குடா, போன தடவைக்கு அப்புறம் புதுசா வாங்கினதுதானே, நல்லாத்தான் இருக்கும்" என்றான்.

நாலு பேருக்கு மட்டும் டிக்கெட் போட்டேன்.