பேச்சில் சொல்லுக்கு 7 சதவீதம்தானா?

"நாம் சொல்வதில் சொற்களுக்கு 7 சதவீதம்தான் பங்கு, குரலுக்கு 38, உடல்மொழிக்கு 55" என்ற செய்தி மறுபடியும் சுற்றுகிறது. இது தவறு.

எண்கள் வந்த இடம் உண்மைதான். உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியனும் உடன் ஆய்வாளர்களும் 1967-இல் வெளியிட்ட இரண்டு ஆய்வுகள் அவை. ஆனால் அங்கே யாரும் உரையாடவே இல்லை. ஒன்றில், 'இருக்கலாம்' என்ற பொருள்தரும் ஒற்றைச் சொல்லைப் பிடித்த தொனி, பிடிக்காத தொனி, நடுநிலைத் தொனி என மூன்று விதமாகப் பதிவு செய்து, முகப் படங்களோடு கேட்க வைத்தார்கள். பேசியவருக்கு எதிராளியைப் பிடிக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் கேள்வி. அந்த 55 கூட முகத்துக்கு உரியது; கையசைவு ஆய்வில் இல்லவே இல்லை.

ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு "எனக்கொன்றும் கோபமில்லை" என்றால் நாம் முகத்தைத்தான் நம்புவோம். அதுவரை சரி. ஆனால் "மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள்" என்பதை எந்தப் புருவம் சொல்லிவிடும்? உணர்வையும் விருப்பு வெறுப்பையும் பேசும்போது தவிர வேறெங்கும் இந்தக் கணக்கு பொருந்தாது என்று மெஹ்ராபியனே தெளிவுபடுத்தியிருக்கிறார். பயிற்சி வகுப்புகளில் இதைச் சொல்லிக்கொடுப்பவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள்.