மேடை நிஜமாகவே கோணல்தான்

ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். புது எலெக்ட்ரிக் கிட்டாரோடு மல்லுக்கட்டும் ஆளைப் பார்த்து எல்லாரும் தூக்கி எறிவது இந்தப் பழமொழியைத்தான். கார்டு, அதாவது பல சுரங்களைச் சேர்த்துப் பிடிக்கிற பிடி, கரகரக்கிறதா? "விரல் இன்னும் பழகலை." சுருதி நிற்கவில்லையா? "உனக்குக் காது பத்தாது." விரல் நுனி கன்றிப்போகிறதா? "காய்ப்பு ஏறினாத்தான் வாசிப்பு வரும்." எல்லாம் சரி சாமிகளா, அந்த மேடையை ஒரு தரமாவது குனிந்து பார்த்தீர்களா? கோணல்தான். பெட்டியை விட்டு இறங்கும்போதே அப்படித்தான் இறங்குகிறது.

முதல் குற்றவாளி நட். ஸ்பானர் போடுகிற நட் இல்லை. கழுத்தின் தலைமாட்டில் ஆறு கம்பிகளும் காடியில் உட்கார்ந்திருக்கிறதே, அந்தச் சின்ன வெள்ளைத் துண்டு. அதில் காடியை ஆழமாக அறுத்துவிட்டால் கம்பி முதல் ஃப்ரெட்டில் (வீணை மெட்டு மாதிரி கழுத்தின் குறுக்கே பதித்த உலோகத் துண்டுதான் ஃப்ரெட்) இடித்து இரையும், நட்டையே மாற்ற வேண்டிவரும். ஆழம் பத்தாமல் விட்டால்? எதுவும் இரையாது. சோதனையில் தேறிவிடும். அதனால் பல தொழிற்சாலைகளில் மேலோட்டமாக அறுத்துவிட்டு, "சோதிக்கப்பட்டது" என்று ஓர் அட்டையைத் தொங்கவிட்டு அனுப்பிவிடுகிறார்கள். அவர்களுக்குப் பத்திரம், வாசிக்கிறவருக்கு வலி.

அந்த அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள், உதவும். ஒரு கம்பியை இரண்டாவது, மூன்றாவது ஃப்ரெட்டுகளுக்கு நடுவே அழுத்திக்கொண்டு, முதல் ஃப்ரெட்டின் மேல் எவ்வளவு இடைவெளி என்று வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். முடியளவு தெரிய வேண்டும். அந்த இடத்தில் கம்பியைத் தட்டினால் 'டிக்' என்று லேசாகக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். அட்டையே நுழைகிறதென்றால் உங்கள் விரல்மேல் எந்தக் குற்றமும் இல்லை.

வலியோடு போனால்கூடப் பரவாயில்லை, சுருதியையும் சேர்த்துக் கெடுக்கிறது. உயரமாக நிற்கிற கம்பி ஃப்ரெட்டைத் தொடுவதற்குள் கூடுதலாக இழுபடுகிறது, சுருதி ஏறிவிடுகிறது. நட்டை ஒட்டிய முதல் மூன்று ஃப்ரெட்டுகளில்தான் இந்தக் கூத்து அதிகம். ஈ மேஜர் கார்டு பிடித்தால் மூன்றாவது கம்பியின் ஜி ஷார்ப் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். அதற்காக அந்தக் கம்பியைக் கொஞ்சம் இறக்கினால், அதே கம்பி திறந்து ஒலிக்கிற ஜி மேஜர் சோம்பிப்போகும். புதிதாகப் படிக்கிற ஆள் ட்யூனரும் கையுமாக அரைமணி நேரம் இதற்கும் அதற்கும் அலைந்துவிட்டு, கடைசியில் தன் காதையே சந்தேகப்படுகிறார். பாவம், காது சரியாகத்தான் இருக்கிறது.

தீர்வு என்ன? அந்தந்தக் கம்பியின் தடிமனுக்கென்றே இருக்கிற நட் அரம். கம்பியைத் தளர்த்தி ஒதுக்கிவைத்து, இரண்டு மூன்று இழுப்பு, மறுபடி கம்பியை ஏற்றிச் சுருதி சேர்த்துப் பார்ப்பது, மறுபடி இரண்டு இழுப்பு. காடி தலைப்பக்கம் சரிந்து, ஃப்ரெட் பக்கத்து விளிம்பில்தான் கம்பி கடைசியாகத் தொட வேண்டும். சரிவு மாறினால் தம்புராவுக்கு நூல் வைத்து வரவழைக்கிற ரீங்காரம் இங்கே வைக்காமலே வரும். ஓர் இழுப்பு அதிகமாகிப்போனால் திரும்ப வராத வேலை இது. கையில் அரம் பிடித்துப் பழக்கமில்லாதவர்கள் இந்த ஒன்றை மட்டுமாவது தெரிந்த கையில் கொடுத்துவிடுங்கள். மற்றதெல்லாம் வீட்டில் செய்யலாம்.

அடுத்த கோபம் கழுத்துக்குள்ளே நீளமாக ஓடுகிற உலோகத் தண்டான ட்ரஸ் ராடின் மேல். ராடின் மேல் இல்லை, அறிவுரை சொல்கிறவர்கள் மேல். "ஆக்‌ஷன் உயரமா இருக்கா? ட்ரஸ் ராடைத் திருகு!" (ஆக்‌ஷன் என்றால் ஃப்ரெட்டுக்கு மேல் கம்பி நிற்கிற உயரம்.) எந்தக் கேள்விக்கும் இதே பதில். ஐயா, ட்ரஸ் ராட் ஆக்‌ஷனை இறக்குவதற்கான கருவி இல்லை. கம்பிகள் இழுக்கிற இழுப்பில் கழுத்து முன்பக்கம் வளையும். அந்த வளைவை எவ்வளவு அனுமதிக்கலாம் என்று தீர்மானிப்பது மட்டுமே அதன் வேலை. திருகினால் ஆக்‌ஷன் கொஞ்சம் மாறுகிறது என்பது உண்மைதான், அது பக்கவிளைவு. அதை நம்பித் திருகிக்கொண்டே போனால் கழுத்து நிமிர்ந்து, பிறகு பின்னால் வளைந்து, முதல் நாலைந்து ஃப்ரெட்டும் இரையத் தொடங்கும்.

அளக்காமல் தொடாதீர்கள். சுருதி சேர்த்த நிலையில் முதல் ஃப்ரெட்டில் கேப்போ, அதாவது கம்பிகளை அழுத்திப் பிடிக்கிற கவ்வி. கழுத்து உடலோடு சேரும் இடத்தில் ஆறாவது கம்பியை, இருப்பதிலேயே தடித்ததை, விரலால் அழுத்துங்கள். இப்போது கம்பியே நேர்கோல். ஏழாவது, எட்டாவது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே 0.25 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) உரசாமல் உரசி நுழைந்தால் போதும். அதிகமென்றால் வலஞ்சுழியாகக் கால் சுற்று. கவனியுங்கள், கால் சுற்று. மறுபடி சுருதி, மறுபடி அளவு. இறுகிப்போய் நகர மறுத்தால் பலம் காட்டாதீர்கள், நிறுத்திவிடுங்கள்.

ராடைத் திருகுகிற அறுகோணச் சாவி, அந்த ஆலன் கீ விஷயம் இன்னும் கொடுமை. சில கிட்டார்களுக்கு 4 மி.மீ., சிலவற்றுக்கு 5 மி.மீ., சிலவற்றுக்கு 1/8 அங்குலம், சிலவற்றுக்கு 3/16 அங்குலம். 1/8 அங்குலம் என்பது 3.175 மி.மீ. 3 மி.மீ. கீ அதில் சமத்தாக நுழையும், கொஞ்சம் லூசாகவும் இருக்கும், திருகினால் உள்ளே இருக்கிற அறுகோணம் தேய்ந்து வட்டமாகிவிடும். அதற்கப்புறம் எந்தக் கீயும் பிடிக்காது. பெட்டிக்குள் இரண்டு கீயைப் பிளாஸ்டிக் பையில் போட்டு அனுப்புகிற புண்ணியவான்களே, எது எதற்கு என்று ஒரு வரி எழுதினால் குறைந்தா போவீர்கள்?

ஆக்‌ஷனை இறக்குகிற இடம் பிரிட்ஜில், அதாவது உடல்பக்கம் கம்பிகளைத் தாங்குகிற பாகத்தில், கம்பி உட்கார்ந்திருக்கிற சேடில். பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் மேல் ஆறாவது கம்பிக்கு 2 மி.மீ., மெல்லிய முதல் கம்பிக்கு 1.5 மி.மீ. என்று ஆரம்பியுங்கள். ஒவ்வொரு கம்பிக்கும் தனிச் சேடில் இருந்தால், அதன் இரண்டு திருகும் ஒரே அளவு இறங்க வேண்டும்; ஆறு சேடிலும் சேர்ந்து ஃப்ரெட்போர்டின் வளைவையே காட்ட வேண்டும். இறக்கியதும் இரைகிறதா? எங்கே என்று கேளுங்கள். திறந்த கம்பி மட்டும் இரைந்தால் நட். முதல் சில ஃப்ரெட்டுகள் என்றால் கழுத்து மட்டுமீறி நிமிர்ந்திருக்கிறது. ஒரே ஒரு ஃப்ரெட் என்றால் அதற்கு அடுத்த ஃப்ரெட் மேலெழும்பி நிற்கிறது. அதற்கு நீங்கள் எதைத் திருகினாலும் பயனில்லை, ஃப்ரெட்டைத்தான் தட்டவோ சமன்செய்யவோ வேண்டும். ஆம்ப்ளிஃபயரில் போட்டால் கேட்கவே கேட்காத இரைச்சலென்றால், அதை விட்டுத்தள்ளுங்கள்.

இனி மிதக்கும் ட்ரெமலோ, கைப்பிடியை அசைத்துச் சுருதியை ஏற்றி இறக்குகிற பிரிட்ஜ். முதல் கிட்டார் வாங்குகிறவர் கையில் இதைக் கொடுக்கலாம் என்று எந்த மகராசன் முடிவு செய்தானோ! முன்னால் ஆறு கம்பி இழுக்கிறது, முதுகில் மூன்றோ ஐந்தோ ஸ்பிரிங் இழுக்கிறது, நடுவில் பிரிட்ஜ் தராசு முள் மாதிரி நிற்கிறது. ஒரு கம்பியை ஏற்றினால் மற்ற ஐந்தும் இறங்கும். 9-42 கம்பியைக் கழற்றிவிட்டு அதைவிடத் தடித்த 10-46 போட்டீர்களோ, பிரிட்ஜ் முன்னால் சாயும், கூடவே ஆக்‌ஷனும் ஏறும். உடனே யாராவது வந்து சொல்வார்: "ட்ரஸ் ராடைத் திருகு!"

வேண்டியது அதுவல்ல. பின்மூடியைக் கழற்றினால் ஸ்பிரிங்குகள் மாட்டியிருக்கிற தகட்டை இரண்டு நீளத் திருகுகள் பிடித்திருக்கும். இரண்டையும் அரை அரைச் சுற்று இறுக்கி, சுருதி சேர்த்து, பிரிட்ஜ் பழைய நிலைக்கு வரும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். அந்தக் கைப்பிடியையே தொடப்போவதில்லை என்றால் இன்னும் சுலபம்: பிரிட்ஜ் உடலோடு ஒட்டி உட்காரும்வரை இறுக்கிவிட்டுச் சேடில் உயரத்தை மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள். பாதித் தலைவலி அன்றோடு தீரும்.

சுருதி நிற்காததற்கு முறுக்காணியைத் திட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. முறுக்கும்போது சும்மா இருந்துவிட்டுத் திடீரென்று 'டிங்' என்று சத்தத்தோடு சுருதி தாவுகிறதா? கம்பி நட்டின் காடியில் சிக்கி விடுபடுகிறது. காடியில் பென்சில் கரியைத் தேயுங்கள். புதுக் கம்பியைக் கையால் இழுத்து, சுருதி சேர்த்து, மறுபடி இழுத்து, இறங்காத நிலைக்கு வந்த பிறகு குறை சொல்லுங்கள்.

இன்டனேஷன், அதாவது கழுத்து நெடுகச் சுரம் சரியாக விழ வைப்பது, இதெல்லாம் முடிந்த பிறகுதான். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கும் (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்புகிற ஒலி) அழுத்திய சுரமும் ஒன்றாக வர வேண்டும். அழுத்தினால் ஏறுகிறதென்றால் சேடிலைப் பின்னுக்கு, நட்டை விட்டு விலக; இறங்குகிறதென்றால் முன்னுக்கு. நட் உயரத்தால் வந்த கோளாறை இதால் சரிசெய்ய முடியாது. அதைத் தெரியாமல் சேடிலைக் கடைசிவரை தள்ளி வைத்திருக்கும் கிட்டார்களைப் பார்த்தால் அழுகைதான் வரும். கம்பியின் அதிர்வை மின்சாரமாக்குகிற பிக்கப்பைக் கம்பிக்கு மிக அருகே உயர்த்தியிருந்தாலும் காந்தம் கம்பியை இழுத்துச் சுரத்தைத் தள்ளாட வைக்கும். கடைசி ஃப்ரெட்டை அழுத்திய நிலையில் 2 மி.மீ. இடைவெளி விட்டுத் தொடங்குங்கள்.

கடைசியாக அந்த ஜாக். கேபிள் செருகுகிற இடத்தில் இருக்கிற நட், இது ஸ்பானர் போடுகிற நட்டேதான், லூசாக ஆடும். வெளியிலிருந்து குறடு போட்டுத் திருகினால் ஜாக்கும் சேர்ந்தே சுழலும், உள்ளே ஒயர் முறுக்கேறிச் சால்டர் விட்டுப்போகும், கிட்டார் ஊமையாகும். தகட்டைக் கழற்றி, ஜாக்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இறுக்க வேண்டும். பத்து நொடி வேலை. அட்டையில் கையெழுத்துப் போட்ட நேரத்தில் இதையாவது செய்து அனுப்பியிருக்கலாம்.