வட்டி வெள்ளைக்காரன் கொண்டுவந்ததா?

"வட்டியும் லாபமும் நம் மரபில் கிடையாது, பிரிட்டிஷார் வந்துதான் முதலாளித்துவத்தைப் புகுத்தினார்கள்" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பாருங்கள். முதலாம் ராஜராஜன் காலத்தில் கோயிலுக்கு வந்த காசை ஊர்ச்சபைகளிடம் கடனாகக் கொடுத்தார்கள். ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது 12.5 சதவீதம், வட்டி. கல்வெட்டில் அதன் பெயர் 'பொலிசை'. முதல் அப்படியே நிற்கும், பொலிசையில் கோயில் செலவு நடக்கும். இன்றைய அறக்கட்டளை வைப்புநிதியும் இதே கணக்குதான்.

அர்த்தசாஸ்திரம் இன்னும் நுட்பமானது. நூறு பணத்துக்கு மாதம் ஒன்றேகால் பணம் முறையான வட்டி. வணிகக் கடனுக்கு 5, காட்டுவழி போகிறவர்களுக்கு 10, கடலோடிகளுக்கு 20. ஆபத்து ஏற ஏற வட்டியும் ஏறுகிறது.

இதை வைத்து "அப்படியானால் அன்றே தாராளவாதச் சந்தை இருந்தது" என்பதும் சரியல்ல. அதே நூல் உள்நாட்டுச் சரக்குக்கு 5, வெளிநாட்டுச் சரக்குக்கு 10 சதவீதம் என்று லாபத்துக்கு வரம்பு கட்டுகிறது, மீறினால் அபராதம். மனுஸ்மிருதியோ மாத வட்டியைக் கடனாளியின் வர்ணப்படி நூற்றுக்கு 2, 3, 4, 5 என்று ஏற்றுகிறது. மேல் வர்ணத்துக்குக் குறைவு, சூத்திரருக்கு அதிகம். சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்பதுதான் தாராளவாதத்தின் அடிப்படை. அது இங்கே இல்லை. கடனாளிக்கு இருந்த ஒரு காப்பு, ஒரே நேரத்தில் வாங்கும் வட்டி அசலைத் தாண்டக்கூடாது என்ற 'தாம்துபட்' விதி.