இணைப்பு வேறு, மேல்நிலைத் தொட்டி வேறு

சமுதாய வானொலிக்காரர்களுக்காக நடந்த சனிக்கிழமைக் கூட்டத்து வீடியோவை இதுவரை பதினோரு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். போதும். அந்த அறையில் மூன்றாவது வரிசையில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். கை தட்டாத நாலைந்து பேரில் நானும் ஒருத்தி.

மேடையில் இருந்தவர் சொன்னது இவ்வளவுதான். கிராமத்துச் சமுதாய வானொலிகளை, அதாவது ஊர்க்காரர்கள் தங்கள் ஊருக்காக நடத்தும் எங்களைப் போன்ற சின்ன எஃப்எம் நிலையங்களை, எல்லாம் இணைத்துவிடலாமாம். சென்னையில் ஒரு நல்ல ஸ்டூடியோவில் தரமாகத் தயாரித்து எல்லா நிலையத்துக்கும் அனுப்பிவிடுவார்களாம். "உங்களுக்கும் வேலை மிச்சம்" என்று சிரித்துக்கொண்டே முடித்தார்.

ஐயா, அதற்குப் பெயர் இணைப்பு இல்லை, மேல்நிலைத் தொட்டி. மேலே ஏற்றித் தெருத்தெருவாகத் திறந்துவிடுகிற வேலை. இணைப்பு என்றால் எங்கள் ஊர்க் குரல் இன்னோர் ஊருக்குப் போக வேண்டும், அந்த ஊர்க் குரல் இங்கே வர வேண்டும். எங்களுக்குக் கொடுத்திருப்பது 100 வாட் திறனும் 30 மீட்டர் உயரத்துக்குள் ஒரு ஆண்டெனாவும். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தாண்டினால் நாங்கள் வெறும் இரைச்சல். ஒரு நிலையம் பேசுவது அடுத்த நிலையத்துக்குக் கேட்காது. அதனால்தான் இணையுங்கள் என்று கேட்கிறோம், சென்னைக் குரல் கேட்கவில்லை என்று எப்போது அழுதோம்?

கஜா புயலுக்கு அப்புறம், 2019-இல், எங்கள் நாகைப் பக்கத்தில் ஒரு ஆத்தாவைப் பதிவு செய்தேன். எழுபது வயதுக்கு மேல். சுனாமியில் கடல் தண்ணீர் ஏறிய வயலை எப்படித் திருப்பி எடுத்தார்கள் என்று சொன்னார். மழைத்தண்ணீரைத் தேக்கித் தேக்கி வடித்தது, பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும்போது மடக்கி உழுதது, முதல் போகத்துக்கு உப்பு தாங்கும் குழியடிச்சான் நெல் போட்டுப் பார்த்தது. இருபத்திரண்டு நிமிடம். ராமநாதபுரம் பக்கத்து நிலையத்தில் இருந்த அக்கா ஒருவர் அதைக் கேட்டார். எங்கள் நெட்டில் அந்தக் கோப்பு ஏறவே இல்லை. பென் டிரைவில் போட்டு, தீப்பெட்டிக்குள் வைத்து, பஸ் கண்டக்டர் அண்ணனிடம் கொடுத்து அனுப்பினேன். பத்து நாளில் அதே தீப்பெட்டி திரும்பி வந்தது. உள்ளே கடல்பாசி எடுக்கும் பெண்கள் பேசிய பதிவு. கூடவே ஆத்தாவுக்கு ஒரு கேள்வி: "தண்ணியை எத்தனை நாள் கட்டி வச்சீங்க?"

இதைத்தான் நான் இணைப்பு என்கிறேன். தீப்பெட்டி இல்லாமல் நடந்தால் இன்னும் நல்லது.

"வாட்ஸ்அப் இருக்கே மேடம்" என்று பின்னூட்டத்தில் வரப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே வணக்கம். வாட்ஸ்அப்பில் வருகிற குரல் யாருடையது, எந்த ஊர், எந்த வருடம்? எங்கள் பதிவில் ஊர் இருக்கும், பேர் இருக்கும், தப்பென்றால் நிலையத்து வாசலுக்கே வந்து திட்டுவார்கள். வந்து திட்டியும் இருக்கிறார்கள்.

நாகைப் பேச்சு தர்மபுரிக்காரர்களுக்குப் புரியாதாம். சினிமாவில் மதுரைப் பேச்சும் கோவைப் பேச்சும் மட்டும் எல்லோருக்கும் புரிகிறதாக்கும். புயலில் நெட் போனால் உங்கள் இணைப்பு என்னாகும் என்று ஒருவர் கேட்டார். சரி, போகும்தான். மேல்நிலைத் தொட்டிக்கும் மோட்டார் ஓடாது.

இணைத்தால் நிலையங்கள் கட்சிக்காரர்கள் கையில் போய்விடாதா என்பது நியாயமான பயம். அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை.

விதியைப் பற்றியும் பேசுகிறார்கள். நிகழ்ச்சிகளில் குறைந்தது பாதி உள்ளூரில் தயாரித்ததாக இருக்க வேண்டும் என்பதுதான் விதி. மீதிப் பாதியில் என்ன போடுகிறோம் என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லட்டுமா? பல நாள் சினிமாப் பாட்டு. அந்த இடத்தில் பக்கத்து மாவட்டத்து விவசாயி பேசினால் எந்த விதி உடையும்?

செய்தி என்றால்தான் எல்லோருக்கும் வியர்க்கிறது. ஆகாசவாணிச் செய்தியை அப்படியே போடலாம், சொந்தமாகச் செய்தி வாசிக்கக் கூடாது. குடிதண்ணீர் எப்போது வரும், கரண்ட் எப்போது போகும், பரீட்சை என்றைக்கு என்று சொல்லலாம். ஆக, செய்தி என்றால் குற்றம், அறிவிப்பு என்றால் சேவை. நேபாளத்தில் சாகர்மாதா என்கிற சமுதாய வானொலி 1997-லேயே வந்துவிட்டது. 2005-இல் மன்னர் எஃப்எம்மில் செய்தியைத் தடை செய்தபோது, அங்குள்ளவர்கள் செய்தியைப் பாட்டாகப் பாடினார்கள். அங்கே இன்றைக்குச் சமுதாய வானொலிகள் ஒன்றோடொன்று கைகோத்துச் செய்தியே பகிர்கின்றன. இங்கே அலைவரிசை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் சொன்னது. 2004-இல் அண்ணா எஃப்எம் என்கிற சமுதாய வானொலி வந்தது, சென்னையில், பல்கலைக்கழகத்துக்குள். கிராமத்தில் வேலை செய்கிற அமைப்புகளுக்குக் கதவு திறந்தது 2006-இல்தான். எப்போதும் இதே வரிசைதான். எங்கள் முறை வரும்போது மைக்கையும் அவர்களே பிடித்துக்கொள்வார்களாம், வேலை மிச்சமாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், வேண்டாம் என்றுதான் நினைத்தேன். டீ இடைவேளையில் அந்த ஆத்தாவின் பதிவை மேடையில் பேசியவருக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு நிமிடம்கூடக் கேட்கவில்லை. "பின்னாடி சேவல் கூவுதே, இதையெல்லாம் எடிட்டிங்ல எடுக்கணும்மா" என்றார். ஒன்பது வருடமாக இதே வேலை செய்கிறேன். சேவல் கூவுவது எனக்கும் கேட்டது. அது அந்த வீட்டுச் சேவல்.

ஆத்தா 2021-இல் போய்விட்டார். நேற்று ராத்திரி ராமநாதபுரத்து அக்கா போன் செய்தார். நெல் பற்றிய மீதிப் பதிவு இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது, சேவலோடு. வியாழக்கிழமை பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன்.