பூங்காவுக்கு ஏன் பூட்டு?

எங்கள் தெருமுனையில் ஒரு பூங்கா இருக்கிறது. அதற்குள் நல்ல புங்க மரம் ஒன்று இருக்கிறது. அதற்கும் எனக்கும் நடுவே ஒரு பூட்டும் இருக்கிறது. காலை 10 மணிக்குச் சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். சென்னை வெயிலில் நிழல் தேவைப்படுவதே அந்த ஆறு மணி நேரம்தான்! நேற்று மதியம் கூரியர்காரர் ஒருவர், கம்பிவேலியைத் தாண்டி விழுந்த ஒரு முழ நிழலில் வண்டியை நிறுத்தி, சுவரோடு ஒட்டி நின்றிருந்தார். உள்ளே சிமெண்ட் பெஞ்சில் ஒரு நாய் காலை நீட்டிப் படுத்திருந்தது.

திறந்திருக்கும்போது போனால் மட்டும் என்ன? புல்லில் நடக்கக் கூடாது, பந்து கூடாது, சாப்பாடு கூடாது என்று பலகை. மண் காலில் பட்டுவிடாதபடி எங்கும் கல் பதித்த நடைபாதை. மரத்தின் தூரையும் விடாமல் சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். தண்ணீர் எந்த வழியாக இறங்கும்?

கிண்டி தேசியப் பூங்காவை நான் குறை சொல்ல மாட்டேன். ஊருக்கு நடுவே சுமார் 2.7 சதுர கிலோமீட்டர் காடு, 1978 முதல் தேசியப் பூங்கா. அது வெளிமானுக்கும் புள்ளிமானுக்கும் உரிய இடம். நாம் மதிலுக்கு இப்பால் நிற்பதே நியாயம். எங்கள் தெருவில் என்ன, வெளிமானா மேய்கிறது?

காவலாளியிடமே கேட்டுவிட்டேன். "திறந்து வைத்தால் ஆட்கள் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள், சார்" என்றார்.